முதல்முறை தலைமைப் பயிற்சியாளர்: ஒரே ஒரு முழுநேர உதவியாளர் இடத்துக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: ஒஹாயோ ஆடுகளம்

வணக்கம். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டே நாளில் என்னை அடையாளம் கண்டுவிடுவார்கள். எனவே இங்கே கேட்கிறேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கல்லூரி விளையாட்டின் மூன்று பிரிவுகளில் கடைசியான டிவிஷன் 3 பிரிவைச் சேர்ந்த ஒரு சிறு கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்குச் சென்ற மாதம் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றேன். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள், இரு வேறு கல்லூரிகளில் உதவிப் பயிற்சியாளராக இருந்தேன். உதவியாளராக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். உதவியாளர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

கல்லூரி எனக்குக் கொடுத்திருப்பது ஒரு முழுநேர இடமும், பருவத்துக்குச் சிறு தொகை பெறும் ஒரு பகுதிநேர இடமும்தான். முதல் பிரிவான டிவிஷன் 1 அணிகளில், 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிமாற்றத்துக்குப் பிறகு, தலைமைப் பயிற்சியாளரைத் தவிர ஐந்து பேர் களத்தில் இறங்கிப் பயிற்சி கொடுக்கலாம். அவர்களுக்குப் பின்னால் காணொளி பார்ப்பவர், பயண ஏற்பாடு செய்பவர், தரவு ஆராய்பவர் என்று இன்னொரு கூட்டமும் இருக்கும். எங்களிடமோ எதிரணியின் ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பது, பள்ளி ஆட்டக்காரர்களைத் தேடிச் செல்வது, பேருந்துக்குச் சொல்வது, மாணவர்களின் தேர்ச்சியைக் கவனிப்பது என்று அத்தனையையும் ஒருவரே செய்ய வேண்டும்.

என்னிடம் மூன்று பேர் எஞ்சியிருக்கிறார்கள். முதலாமவர் கல்லூரியில் என்னுடன் ஆடியவர், நான்கு ஆண்டுகள் ஒரே அறையில் தங்கியவர். இப்போது ஒரு பள்ளி அணியில் உதவியாளர். அவரை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். இரண்டாமவருக்கு 58 வயது. இந்த வட்டாரத்திலேயே 27 ஆண்டுகள் பள்ளித் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். இப்போது நான் அமர்ந்திருக்கும் இதே பதவிக்கு அவரும் விண்ணப்பித்திருந்தார் என்பதை அவரே முதல் தொலைபேசி உரையாடலில் சொல்லிவிட்டார். மூன்றாமவருக்கு 24 வயது. ஒரு பெரிய பல்கலைக்கழக அணியில் இரண்டு ஆண்டுகளாகக் காணொளிப் பிரிவில் வேலை செய்கிறார். கல்லூரி அளவில் ஆடியதே இல்லை. ஆனால் எங்கள் அணியின் சென்ற ஆண்டு ஆட்டங்களைப் பற்றி அவர் அனுப்பிய நான்கு பக்கக் குறிப்பில், நான் கவனிக்காத இரண்டு விஷயங்கள் இருந்தன.

மனம் முதலாமவர் பக்கம் சாய்கிறது. அதுவே எனக்கு அச்சமாகவும் இருக்கிறது. நேர்காணலில் எதைக் கேட்பது, என் பதவிக்குப் போட்டியிட்டவரை அருகில் வைத்துக்கொள்ளலாமா, ஆடாத ஒருவர் சொல்வதை ஆட்டக்காரர்கள் கேட்பார்களா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

மறுமொழி: பழைய உதவியாளர்

வாழ்த்துகள். மூன்று கல்லூரிகளில் 11 ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்துவிட்டு இப்போது பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். யாரை எடுப்பது என்பதற்கு முன்னால், எந்த வேலையை உங்கள் கையிலிருந்து முழுவதுமாக விடப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். ஒரு தாளை எடுத்து, அக்டோபர் நடுவில் பயிற்சி தொடங்கும் நாளிலிருந்து பிப்ரவரி இறுதி வரை ஒரு வாரம் எப்படி ஓடும் என்று திங்கள் முதல் ஞாயிறு வரை எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரில், இதை வேறொருவர் தன் விருப்பப்படி செய்தால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று உண்மையாகக் குறியுங்கள். முடியாது என்று குறித்த வேலைகளுக்கு ஆள் தேடாதீர்கள்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் தடுப்பாட்டம் முழுவதும் என் பொறுப்பு என்று சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். நவம்பரில் நான் திட்டம் போட்டேன்; பயிற்சியில் கற்றுக்கொடுத்தேன். ஆனால் ஆட்டம் நெருக்கடியாகும் ஒவ்வொரு டைம் அவுட்டிலும் (ஆட்டத்தைச் சிறிது நிறுத்தி அணி கூடிப் பேசும் இடைவேளை) தலைமைப் பயிற்சியாளர் ஆட்டத் திட்டம் வரையும் பலகையை என்னிடமிருந்து வாங்கி வேறொன்றை வரைந்தார். அவர் கெட்டவர் அல்லர், தோல்விக்குப் பயந்தவர். பிப்ரவரி வந்தபோது நான் பேசும்போதும் ஆட்டக்காரர்களின் கண்கள் அவர் முகத்திலேயே இருந்தன. அதற்குப் பிறகு அந்த அணியில் என்னால் எந்தப் பயனும் இல்லை.

இதற்கு நேர்மாறான கதை லாஸ் ஏஞ்சல்ஸின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஜான் வுடன் அங்கே தலைமைப் பயிற்சியாளராக 1948இல் வந்தார். முதல் தேசியப் பட்டம் 1964இல்தான் கிடைத்தது. அந்த அணியின் தொடக்க ஐவரில் 6 அடி 5 அங்குலத்தைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. உயரம் குறைந்த, ஆனால் வேகமான அந்த அணி களம் முழுவதும் ஜோன் பிரஸ் (ஆளுக்கொரு பகுதியைக் காத்து எதிரணியை நெருக்கும் தடுப்பாட்டம்) ஆட வேண்டும் என்று வற்புறுத்தியவர் உதவிப் பயிற்சியாளர் ஜெர்ரி நார்மன். அந்தப் பருவத்தில் ஆடிய 30 ஆட்டங்களிலும் அவர்கள் வென்றார்கள். நார்மன் வுடனிடமே ஆடிய மாணவர். ஆடிய காலத்தில் அவரோடு முரண்பட்டவர். அப்படிப்பட்டவரைத் தம் பக்கத்திலேயே உட்கார வைத்து, அவர் சொன்னதைக் கேட்டு, பதினாறாவது பருவத்தில் தம் ஆட்ட முறையை மாற்றிக்கொண்டார் என்பதுதான் வுடனைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

எனவே உங்கள் அறைத் தோழரைப் பற்றி ஒன்றை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள்: அந்த நான்கு ஆண்டுகளில் எப்போதாவது, நீங்கள் செய்வது தவறு என்று அவர் உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால் அவரைத் தொடர்ந்து பட்டியலில் வைத்திருங்கள்.

நேர்காணலில் பேச்சுக்குக் குறைவான இடம் கொடுங்கள். சென்ற ஆண்டு உங்கள் கல்லூரி தோற்ற ஓர் ஆட்டத்தின் காணொளியை மூவருக்கும் கொடுத்து, இரண்டு நாள் கழித்து வரச் சொல்லுங்கள். உங்கள் ஆட்டக்காரர்கள் நான்கைந்து பேரை முன்னால் உட்கார வைத்து, எதிரணியைப் பற்றி பத்தே நிமிடம் விளக்கச் சொல்லுங்கள். முடிந்தபின், நீங்கள் பார்த்தவற்றில் எதையெல்லாம் சொல்லாமல் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கேளுங்கள். எதிரணி ஆடும் 25 ஆட்ட வகைகளையும் வரைந்து காட்டுபவர் உழைப்பாளி. ஆனால் இருபது வயதுப் பையனின் மனத்தில் ஆட்ட நேரத்தில் மூன்று விஷயங்கள்தான் நிற்கும் என்று தெரிந்து, மற்றவற்றைத் தம் பைக்குள் வைத்துக்கொள்பவர்தான் உங்களுக்கு வேண்டும்.

58 வயதுக்காரரைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. ஜனவரிப் பனியில் இரவு பத்து மணிக்கு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டித் திரும்பும் வேலை இது; அந்த வயதில் தாங்குமா என்று யோசியுங்கள்.

மறுமொழி: துறை அலுவலர்

நான் ஒரு கல்லூரியின் விளையாட்டுத் துறையில் நிர்வாகப் பணியில் இருக்கிறேன். பயிற்சியாளர் நியமனக் குழுக்கள் பலவற்றில் அமர்ந்திருக்கிறேன். மேலே எழுதிய நண்பரின் கடைசிப் பத்தியை முதலில் திருத்த வேண்டும். 40 வயதைக் கடந்தவரை வயதைக் காரணம் காட்டி விலக்குவதை 1967ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இருக்கட்டும், அது நியாயமும் அன்று. இந்த வேலையில் மாதத்துக்கு இத்தனை இரவுகள் வெளியூர்ப் பயணம் உண்டு, உங்களால் இயலுமா என்று மூவரிடமும் ஒரே சொற்களில் கேளுங்கள். பதிலை எழுதி வையுங்கள். திருமணமாகிவிட்டதா, குழந்தை இருக்கிறதா, எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள் என்று நம் ஊர் வழக்கத்தில் இயல்பாக வாயில் வரும் கேள்விகளை உணவு மேசையில்கூடக் கேட்டுவிடாதீர்கள்.

அடுத்தது, யாரும் இன்னும் விரிவாகப் பேசாத ரெக்ரூட்டிங், அதாவது பள்ளி ஆட்டக்காரர்களைக் கல்லூரியில் சேர்ப்பது. டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்க முடியாது. பெற்றோருக்கு நீங்கள் காட்டக்கூடியது கல்விக்கான உதவித்தொகையையும், குடும்ப வருமானத்தைப் பொறுத்த சலுகையையும், கல்லூரியையும், உங்களையும்தான். பல சிறு கல்லூரிகள் மாணவர் சேர்க்கையை நம்பியே ஓடுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை ஆட்டக்காரர்கள் சேர்ந்தார்கள் என்று உங்களிடம் கேட்பவர் விளையாட்டுத் துறைத் தலைவர் மட்டுமல்லர், சேர்க்கை அலுவலகமும்தான். ஆகவே உங்கள் உதவியாளர் நிதியுதவிக் கடிதம் ஒன்றைத் தாயும் தந்தையும் கேட்கும்படி, பொய்யான நம்பிக்கை கொடுக்காமல், வரி வரியாக விளக்கக்கூடியவரா என்று பாருங்கள். நான் அமர்ந்த குழுக்களில் இதையே ஒரு பயிற்சியாக வைத்திருக்கிறோம்: நானே தாயாக உட்கார்ந்து, "மீதித் தொகைக்கு நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்பேன். அழகாகப் பேசுபவர்கள் பலர் அந்த இடத்தில் தடுமாறுவார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, நாளைக் காலை அலுவலகத்தில் கேட்டுவிட்டு அழைக்கிறேன் என்பவருக்கு நான் மதிப்பெண் கொடுப்பேன்.

பரிந்துரையாளர்களாக அவர்கள் தரும் மூன்று பெயர்களோடு நிறுத்திவிடாதீர்கள். விண்ணப்பதாரருக்குத் தெரிவித்துவிட்டு, அவருடைய பழைய இடத்தின் விதிக் கண்காணிப்பு அலுவலரையும், துறையின் செயலாளரையும், உடற்காயச் சிகிச்சையாளரையும் அழையுங்கள். தலைமைப் பயிற்சியாளரிடம் எல்லோரும் நன்றாகத்தான் நடந்துகொள்வார்கள். 2017 செப்டம்பரில் ஆபர்ன், ஓக்லஹோமா ஸ்டேட், அரிசோனா, தெற்குக் கலிஃபோர்னியா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களின் உதவிப் பயிற்சியாளர்கள் கூட்டாட்சி லஞ்ச வழக்கில் கைதானார்கள். நால்வரும் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆட்டக்காரர்களைக் குறிப்பிட்ட முகவர்கள் பக்கமும் நிதி ஆலோசகர்கள் பக்கமும் திருப்பிவிடுவதற்காகப் பணம் வாங்கினார்கள் என்பதே வழக்கு. டிவிஷன் 1இல் 2023 ஜனவரி முதல், தமக்குக் கீழுள்ளவர்கள் செய்யும் விதிமீறலுக்குத் தலைமைப் பயிற்சியாளரே தாமாகப் பொறுப்பாளி ஆகிறார்; எனக்குத் தெரியாது என்ற வாதம் அங்கே அவரைக் காப்பாற்றாது. உங்கள் பிரிவில் அவ்வளவு பணம் புழங்குவதில்லை என்றாலும், நீங்கள் தூங்கும் நேரத்தில் உங்கள் பெயரால் பேசப்போகிறவரை எடுக்கிறீர்கள் என்பது மாறாது.

சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இளைஞர்கள் இந்த விளையாட்டின் மேல் உள்ள ஆசையால் எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் வருவார்கள் என்ற எண்ணம் நெடுநாளாக இருக்கிறது. 1992இல் நடைமுறைக்கு வந்த ஒரு விதியின்படி டிவிஷன் 1 அணிகளில் ஓர் உதவிப் பயிற்சியாளரின் ஆண்டு ஊதியம் 16,000 டாலருக்கு மேல் போகக் கூடாது என்று கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் சங்கமான என்சிஏஏ வரம்பு வைத்தது. பயிற்சியாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அந்த வரம்பு வணிகப் போட்டியைக் காக்கும் சட்டத்துக்கு எதிரானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு 5 கோடியே 45 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. உங்களால் ஊதியத்தைக் கூட்ட முடியாமல் இருக்கலாம். ஆனால் கல்லூரி வளாகத்தில் தங்குமிடம், உணவு, மேல்படிப்புக் கட்டணச் சலுகை இவற்றுள் எதையாவது நியமன ஆணை வருவதற்குள் கேட்டு வாங்கிக் கொடுங்கள். ஆணை கையெழுத்தான பிறகு யாரும் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

மறுமொழி: மகளிர் அணிப் பயிற்சியாளர் (ஓய்வு)

பதவிக்குப் போட்டியிட்டவரை அருகில் வைத்துக்கொள்வதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றை முன்னவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள்.

தென் கரோலினா மகளிர் அணியின் டான் ஸ்டேலியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2017, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றவர். அவர் பக்கத்தில் நெடுங்காலம் அமர்ந்திருந்த லிசா போயர் யார் என்று பாருங்கள். தொண்ணூறுகளின் இறுதியில் ரிச்மண்ட் ரேஜ் என்ற தொழில்முறை அணியில் ஸ்டேலி, பந்தை எடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டாக ஆடியபோது அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் போயர்தான். பின்னர் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஸ்டேலி தலைமைப் பயிற்சியாளராக இருந்தபோது, 2002இல் போயர் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். 2008இல் தென் கரோலினாவுக்கும் கூடவே சென்றார். ஒரு காலத்தில் தமக்குக் கட்டளையிட்டவரை உதவியாளராக அழைக்கத் துணிவு வேண்டும். தம்மிடம் ஆடியவருக்கு உதவியாளராக வருவதற்கு அதைவிடப் பெரிய மனம் வேண்டும். இரண்டும் அமைந்தால் கிடைப்பது சாதாரணத் துணை அன்று.

உங்கள் 58 வயதுப் பயிற்சியாளர் தாமும் விண்ணப்பித்ததை முதல் உரையாடலிலேயே சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். மறைக்க நினைப்பவர் சொல்லியிருக்க மாட்டார். அவரை உங்கள் அலுவலகத்துக்கு அழைக்காதீர்கள். அவர் 27 ஆண்டுகள் நின்ற பள்ளி ஆடுகளத்துக்கு நீங்கள் போங்கள். அந்தப் பதவி கிடைக்காதபோது என்ன நினைத்தீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். பெற்றோர் ஒருவர் உங்களைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டு அவரிடம் வந்தால் என்ன சொல்வார் என்றும் கேளுங்கள், ஏனென்றால் அது நிச்சயமாக நடக்கும்: உள்ளூர்க்காரர் அவர், வெளியிலிருந்து வந்தவர் நீங்கள். நான் தலைமைப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒருவரை எடுத்து இரண்டு பருவங்களை இழந்தேன். தவறு அவரிடம் மட்டும் இல்லை. எங்கள் இருவருக்கும் இடையில் கிடந்த அந்தப் பேச்சை நான்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

24 வயதுப் பிள்ளையைப் பற்றியும் சிறிது சொல்கிறேன். ஆடாதவர் சொன்னால் கேட்பார்களா என்று கேட்டீர்கள். போ ரயன் விஸ்கான்சின் மாநிலத்தில் பிளாட்வில் என்ற டிவிஷன் 3 கல்லூரியில் நான்கு தேசியப் பட்டங்கள் வென்றவர். கிரெக் கார்ட் என்ற இளைஞர் கல்லூரி அளவில் கூடைப்பந்து ஆடியவர் அல்லர். ரயனின் கோடை முகாம்களில் உழைத்து அவர் கண்ணில் பட்டு, 1993இல் அந்தப் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். ரயன் மில்வாக்கிக்கும் பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இருக்கும் மேடிசனுக்கும் போனபோது கார்டும் போனார். 2015 டிசம்பரில் ரயன் விலகியபோது விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பொறுப்பு கார்டின் கைக்கு வந்தது. ஆட்டக்காரர்கள் கேட்பது, இவர் சொல்வதைச் செய்தால் எனக்குப் பந்து கிடைக்குமா, களத்தில் நிற்கும் நிமிடங்கள் கூடுமா என்பதைத்தான். ஆனால் முகாமில் கார்ட் உழைப்பதை ரயன் கண்ணால் பார்த்திருந்தார். நீங்கள் பார்த்திருப்பது நான்கு பக்கத் தாளை மட்டும். அந்தப் பிள்ளை ஓர் அறையில் பையன்களோடு நின்று பேசுவதைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

ஒஹாயோ ஆடுகளம்

மூவருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன்.

வாராந்தர வேலைத் தாளை எழுதினேன். எழுதி முடித்தபோதுதான், தாக்குதல் ஆட்டத்தை யாரிடமும் கொடுக்க எனக்கு மனமில்லை என்பதும், தடுப்பாட்டத்தையும் பள்ளிகளுக்குச் செல்வதையும் மனப்பூர்வமாக ஒப்படைக்க முடியும் என்பதும் தெளிவாகின. என் நண்பரின் பலமும் தாக்குதல் ஆட்டம்தான். நாங்கள் இருவரும் ஒரே பயிற்சியாளரிடம் ஒரே பாடத்தைப் படித்தவர்கள். அவர் என்னை மறுத்துப் பேசியதுண்டா என்று யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒரு முறை; அதுவும் ஆட்டத்தைப் பற்றி இல்லை. அவரை நேரில் சந்தித்து இதைச் சொன்னேன். வருத்தப்பட்டார். ஆனாலும் மறுநாள் அவரே அழைத்து, தம் பள்ளியில் இறுதி ஆண்டு படிக்கும் ஒரு பையனைப் பார்க்க வரும்படி சொன்னார்.

பள்ளி ஆடுகளத்துக்குப் போய் மூத்தவரோடு இரண்டு மணி நேரம் பேசினேன். பதவி கிடைக்காத அன்று மனைவியிடம்கூடச் சொல்லாமல் ஆடுகளத்துக்கு வந்து தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பெற்றோரைப் பற்றிய கேள்விக்கு, "அவர்களை உங்கள் அறை வாசல் வரை நானே கூட்டி வருவேன், உள்ளே வரமாட்டேன்" என்றார். பயண இரவுகளைப் பற்றித் துறை அலுவலர் சொன்ன அதே சொற்களில் கேட்டேன். இந்த மாவட்டத்துச் சாலைகள் எதிலும் தாம் பனியில் ஓட்டாத சாலை இல்லை என்று பதில் வந்தது.

இளைஞர் காணொளிப் பயிற்சிக்கு வந்தார். முதல் மூன்று நிமிடம் திரையைப் பார்த்தே பேசினார். பிறகு எங்கள் பாயிண்ட் கார்டு ஒரு கேள்வி கேட்டதும், திரையை அணைத்துவிட்டு எழுந்து, நாற்காலிகளை நகர்த்தி, எதிரணி பிக் அண்ட் ரோல் (ஒருவர் நம் ஆளை மறித்து நின்றுவிட்டுப் பின் கூடையை நோக்கி ஓடுவது) ஆடும்போது யார் எங்கே நிற்க வேண்டும் என்று அந்த அறையிலேயே நடத்திக் காட்டினார்.

முழுநேர இடத்துக்கு மூத்தவரின் பெயரையும், பகுதிநேர இடத்துக்கு இளைஞரின் பெயரையும் துறைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். இளைஞருக்கு வளாகத்தில் அறையும் உணவும் தர முடியுமா என்று கேட்டுக் கடிதம் எழுதியுள்ளேன். பதில் வரும் வரை அவரிடம் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

பழைய உதவியாளர்

வயதைப் பற்றி நான் எழுதியது தவறு, திருத்தியவருக்கு நன்றி. உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். முதல் ஆட்டத்துக்கு முன்பே, தடுப்பாட்டத்துக்கான டைம் அவுட்டில் பலகை யார் கையில் இருக்கும் என்பதை ஆட்டக்காரர்கள் முன்னிலையில் சொல்லிவிடுங்கள். நவம்பரில் இரண்டு புள்ளி பின்தங்கி நிற்கும்போது உங்கள் கை அந்தப் பலகையை நோக்கி நீளும். அப்போது அதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள அந்தச் சொல் உங்களுக்குத் தேவைப்படும்.